அந்தப் பதினான்கு மாதங்கள்

சோழிங்கநல்லூரில் நான் ஹெச்ஆராக இருக்கும் அலுவலகத்துக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்காக வந்த ஒரு தம்பி மூன்று சுற்றிலும் அசத்தினார். ரெஸ்யூமில் மூன்றரை ஆண்டு அனுபவம். ஆஃபர் லெட்டரும் கொடுத்தாயிற்று. மாட்டியது, பழைய வேலை விவரங்களைச் சரிபார்க்கும் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில்.

யுஏஎன் என்பது பி.எஃப். கணக்குக்காக ஊழியருக்குத் தரப்படும் 12 இலக்க எண். கம்பெனி மாறினாலும் எண் மாறாது. எங்கே, எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். இவருடையதில் 14 மாதம் காலி. 20 பேருக்குக் குறைவான கம்பெனிக்குப் பொதுவாக பி.எஃப். கட்டாயமில்லைதான். ஆனால் சம்பளம் வங்கிக் கணக்குக்காவது வந்திருக்க வேண்டுமே?

"என்ன தம்பி இது?"

"அம்மாவுக்கு டயாலிசிஸ் மேடம். நான்தான் கூட இருந்தேன். ரெஸ்யூம்ல கேப், அதாவது வேலை பார்க்காத இடைவெளி இருந்தா கூப்பிடவே மாட்டாங்கன்னு கன்சல்டன்சில சொன்னாங்க."

காசு வாங்கிக்கொண்டு அனுபவச் சான்றிதழும் பே ஸ்லிப்பும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் எடுத்திருப்பேன். போலிக் காகிதம் ஃபைலுக்குள் வந்தபின் என் கையில் ஒன்றுமில்லை.

கேப் இருக்கும் ரெஸ்யூமைப் படிக்காமலே ஒதுக்கும் ஹெச்ஆர்களும் இருக்கிறார்கள். அது எங்கள் பக்கத்துக் குற்றம், மறுக்கவில்லை. அதற்காக மறைக்க வேண்டாம். 'மார்ச் 2023 – ஏப்ரல் 2024: குடும்பத்தில் மருத்துவப் பராமரிப்பு' என்று ஒரே வரி போதும். நேர்காணலில் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு வேலைப் பேச்சுக்கு வந்துவிடுங்கள். நோயின் விவரமெல்லாம் யாரும் கேட்க வேண்டியதில்லை.

ரெஸ்யூமை அனுப்புமுன் யுஏஎன் கணக்கை ஒருமுறை திறந்து பாருங்கள். நீங்கள் விலகிய தேதியைப் பழைய கம்பெனி போடாமல் விட்டிருக்கலாம். அப்படி விட்டிருந்தால் இரண்டு இடத்தில் ஒரே சமயம் வேலை பார்த்ததுபோலத் தெரியும். கடைசி பி.எஃப். தொகை வந்து இரண்டு மாதம் கழிந்திருந்தால், ஆதார் ஓடிபி வைத்து நீங்களே பதிந்துவிடலாம்.

கேப் உள்ளவர்களுக்குப் வேலை தேடும் போர்ட்டலைவிட, பழைய டீம் லீட் தன் கம்பெனியில் செய்யும் பரிந்துரை, அதாவது ரெஃபரல்தான் கைகொடுக்கும். "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கண்ணா" என்று மொட்டையாக அனுப்பினால் அவர் பாவம் என்ன செய்வார்? அவருடைய கம்பெனி தளத்திலேயே வேலையைத் தேடி, ஜாப் ஐடி, ரெஸ்யூம், கேப் பற்றி ஒரு வரி மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். டீ பிரேக்கிலேயே ஃபார்வர்டு செய்துவிடுவார்.