புரையேறியும் இருமல் வராவிட்டால்

சாப்பிடும்போது புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவோம். தட்டுவதால் ஒன்றும் ஆவதில்லை. காப்பாற்றுவது இருமல்தான். தொண்டையில் சோறு போகும் வழியும் மூச்சு போகும் வழியும் குறுக்கே கடக்கின்றன. விழுங்கும் நொடியில் குரல்வளை மேலே எழும்பும், குரல்நாண்கள் ஒட்டிக்கொள்ளும், குரல்வளை மூடி கவியும், மூச்சு நின்றுபோகும். இவற்றில் எது பிந்தினாலும் வாயில் இருப்பது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். இருமுகிறவர் அதை வெளியே தள்ளிவிடுவார். கவலைப்பட வேண்டியது இருமாதவரைப் பற்றி.

பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள், மறதிநோய் முற்றியவர்கள், வலிப்பு வந்து மயங்கியவர்கள், நிறைபோதையில் கிடப்பவர்கள் ஆகியோருக்குத் தொண்டையின் உணர்வு மழுங்கியிருக்கும். தண்ணீர் சத்தமே இல்லாமல் நுரையீரலுக்குப் போகும். சாப்பிட்ட பிறகு குரல் சளி கட்டியதுபோல் மாறுவது, கன்னத்துக்குள் சோறு ஒதுங்கிக் கிடப்பது, காரணம் தெரியாத காய்ச்சல் திரும்பத் திரும்ப வருவது ஆகியவை இதன் அடையாளங்கள். வலது மூச்சுக்கிளை அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் பெரும்பாலும் வலது நுரையீரலே முதலில் பாதிக்கப்படும்.

எது இறங்கியது என்பதைப் பொறுத்து நோயும் மாறும். இரைப்பை அமிலம் இறங்கினால் சில மணி நேரத்திலேயே நுரையீரல் வெந்துபோகும். பிரசவத்தின்போது மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண்களிடம் இதைக் கண்டு 1946-இல் விவரித்தவர் நியூயார்க் மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன். அறுவை சிகிச்சைக்கு முன் 6 மணி நேரம் சாப்பிடக்கூடாது என்று சொல்வது இதனால்தான். ரகசியமாக ஒரு இட்லி தின்றுவிட்டுப் போவது விளையாட்டல்ல.

எச்சிலும் உணவும் இறங்கினால் வாய்க் கிருமிகளும் கூடவே போகும். காய்ச்சல் ஓரிரு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். மூக்குவழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் ரைல்ஸ் குழாய் போட்டுவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். குழாய் எச்சிலைத் தடுக்காது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் 2 ஆண்டுகள் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், பல்துலக்கி வாயைச் சுத்தம் செய்துவிட்ட முதியவர்களில் 11 விழுக்காட்டினருக்கு நிமோனியா வந்தது. அப்படிச் செய்யாதவர்களில் 19 விழுக்காடு. பல்லே இல்லாத வாயையும் துடைத்துவிட வேண்டும். ஊட்டும்போது நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்று மார்புப் பக்கம் தாழ்த்தி, சிறு கரண்டியால், முந்தின வாய் இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்ததைக் கொடுங்கள். பிறகு அரை மணி நேரம் படுக்கவிடக்கூடாது. பலருக்குக் கூழைவிடத் தண்ணீரே ஆபத்து, ஏனென்றால் தொண்டை மூடுவதற்குள் அது ஓடிவிடும்.

எண்ணெய் இன்னொரு வகையில் மோசம். தொண்டையை உறுத்தாததால் நல்ல உடம்புக்குக்கூடப் பல நேரம் இருமல் வருவதில்லை. உள்ளே போன எண்ணெயை நுரையீரலால் எளிதில் அப்புறப்படுத்தவும் முடியாது, ஆன்டிபயாடிக் அதைக் கரைக்கவும் கரைக்காது. குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் வழக்கத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே நிறுத்திவிடலாம். அழுகிற குழந்தையை மல்லாத்தி மூக்கைப் பிடித்துச் சங்கில் மருந்து ஊற்றுவதும் அப்படியே. மண்ணெண்ணெய் குடித்துவிட்ட குழந்தையை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குப் போவது அந்த வாந்தியின்போதுதான்.

மாட்டுக்கு வயிறு உப்பினால் எண்ணெய் புகட்டும்போதும் இதே விபத்து. தலையை அண்ணாத்தி, நாக்கை இழுத்துப் பிடித்து ஊற்றினால் மாட்டால் விழுங்க முடியாது. மூக்கு கண் மட்டத்துக்கு மேல் போகாமல், கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். இருமினால் உடனே தலையைத் தாழவிட வேண்டும். கன்று போட்டவுடன் கால்சியம் குறைந்து படுத்துவிட்ட பசுவுக்கு வாய்வழியாக எதுவுமே கூடாது. அதற்கு விழுங்கும் சக்தியே இருக்காது. மருத்துவர் ஊசிவழி கொடுக்கும் கால்சியம்தான் வழி.

தாயில்லாத நாய்க்குட்டியைக் கைக்குழந்தைபோல் மல்லாத்திப் பால் கொடுக்கிறார்கள். குப்புறக் கிடக்கும் நிலையில்தான் கொடுக்கவேண்டும். புட்டியைக் கவிழ்த்தால் பால் துளித்துளியாகச் சொட்டவேண்டும், ஒழுகக்கூடாது. மூக்கில் பால் வந்தால் நிறுத்திவிட்டு, மேலண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்று பாருங்கள். வளர்ந்த நாய்களில் முகம் சப்பையான பக், குரைப்பு கரகரத்துப்போன வயதான லாப்ரடார், உணவுக்குழாய் தளர்ந்து விரிந்தவை ஆகியவற்றுக்கு ஆபத்து அதிகம். கடைசி வகை நாயை நிமிர்த்திவைத்துத் தீனி கொடுத்து, 15 முதல் 20 நிமிடமாவது அப்படியே வைத்திருக்கவேண்டும். பூனைக்கு மலச்சிக்கல் என்று சிரிஞ்சில் லிக்விட் பாரஃபின் என்ற எண்ணெயைப் பீச்சுவது வேண்டவே வேண்டாம்.

சந்தேகம் வந்தால் தூங்கும்போது மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40 என்ற அளவைத் தொட்டாலே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நாய் தூங்கும்போது 30-க்குள் இருக்கவேண்டும்.