அரக்கு நிறம் எங்கே மாறியது? மீடியம் ஃபார்மட் கேமராவும் அதன் ஃபர்ம்வேரும்

"தம்பி, இது எங்க அரக்கு இல்லையே."

பட்டுக்கடை முதலாளி ஒருவர் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னது. முகூர்த்தப் புடவையின் முந்தானையை விரித்துத் திரையை ஒட்டிப் பிடித்தார். கையில் இருந்தது அரக்கு. திரையில் தெரிந்தது செங்கல் நிறம். விளக்கு, லென்ஸ், 102 மெகாபிக்சல் கேமரா எதுவும் மாறவில்லை. முதல் நாள் என் லேப்டாப்பில் சரியாகத் தெரிந்த அதே ரா ஃபைல்தான் (சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்).

காரணத்தைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. வண்ண அட்டையைப் படமெடுத்து நாங்கள் செய்து வைத்திருந்த நிற ப்ரொஃபைல் (கேமராவின் நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் ஃபைல்), ரீடச் செய்பவரின் கணினியில் ஏறவே இல்லை. மென்பொருளும் ஒரு பதிப்பு பழையது. அது தன்னிடம் இருந்த ப்ரொஃபைலைப் போட்டுப் படத்தைத் திறந்துவிட்டது. திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு எச்சரிக்கைக் குறி மட்டும். வேலை அவசரத்தில் அது யார் கண்ணிலும் படவில்லை.

பட்டு, நகை, ஓவியம் படமெடுக்கும் ஸ்டுடியோக்களில் கேமராவைக் கணினியோடு இணைத்து ஃபைல்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. பல லட்சம் கொடுத்துக் கேமராவும் லென்ஸும் வாங்கியவர்களிடம் "உள்ளே எந்த ஃபர்ம்வேர் ஓடுகிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. ஃபர்ம்வேர் என்பது கேமராவுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஃபுஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 100-ஐ எடுத்துக்கொள்வோம். சென்சார் 43.8 × 32.9 மி.மீ.; ஃபுல் ஃப்ரேமைவிட (36 × 24 மி.மீ.) பரப்பளவில் ஏறக்குறைய 1.7 மடங்கு. இப்படி ஃபுல் ஃப்ரேமைவிடப் பெரிய சென்சார் உள்ள கேமராவைத்தான் மீடியம் ஃபார்மட் என்கிறோம். ஒரு படத்தில் 11,648 × 8,736 பிக்சல்கள். இதில் ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. பாதி பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். மற்ற இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் கணக்குப் போட்டு நிரப்புகிறது. அதாவது நீங்கள் பார்க்கும் நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு கணக்கில் வந்தது. அந்தக் கணக்கு மேம்பட்டால் பழைய படமும் மேம்படும். சில வருடங்களுக்கு முன் எடுத்த ரா ஃபைல்களை நான் அழிக்க விடாமல் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

கணக்கு தடுமாறுவதைப் பார்க்க ஜரிகையைவிடச் சிறந்த இடம் இல்லை. இந்தச் சென்சார்களில், மிக நுண்ணிய விவரத்தைச் சற்று மங்கலாக்கும் லோ-பாஸ் ஃபில்டர் கிடையாது. நெசவின் இழைகளும் பிக்சல் வரிசையும் கிட்டத்தட்ட ஒரே நெருக்கத்தில் வந்துவிட்டால், தங்க ஜரிகை மேல் பச்சையும் ஊதாவுமாக அலை அலையாக மோயரே எழும். மென்பொருளில் அதைத் துடைக்கும் கருவி இருக்கிறது. அழுத்தித் தேய்த்தால் ஜரிகையின் நிறமும் சேர்ந்து போய்விடும். கேமராவை ஒரு சாண் முன்னே பின்னே நகர்த்தி மறுபடி எடுப்பதுதான் நான் முதலில் செய்வது.

இதற்கே ஃபர்ம்வேர் இன்னொரு வழியும் தந்தது. 2019-இல் வெளிவந்த ஜிஎஃப்எக்ஸ் 100-க்கு 2020 நவம்பரில் வந்த அப்டேட்டில் பிக்சல் ஷிஃப்ட் வசதி சேர்ந்தது. கைநடுக்கத்தைச் சமாளிக்கச் சென்சாரை அசைக்கும் அதே பொறியமைப்பு, இப்போது சென்சாரை நுணுக்கமாக நகர்த்தி 16 படங்களை எடுக்கிறது. கணினியில் தனி மென்பொருள் அவற்றைச் சேர்த்து 400 மெகாபிக்சல் படமாக்குகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று நிறமும் நிஜமாகவே அளக்கப்படுவதால் பொய் நிறம் அடங்கிவிடுகிறது. ஏற்கெனவே வாங்கிய கேமராவுக்கு இலவசமாக வந்த வசதி இது.

ஆனால் படமெடுக்கும் பொருள் அசையவே கூடாது. ஓவியத்துக்கு அற்புதமாக வேலை செய்தது. பொம்மைக்குக் கட்டிய புடவையில் முயன்றபோது மின்விசிறியை நிறுத்தினோம், ஏசியையும் நிறுத்தினோம். பெரிதாக்கிப் பார்த்தால் குஞ்சத்தின் ஓரத்தில் மட்டும் கட்டம் கட்டமாகப் பிசிறு. கதவைத் திறந்துகொண்டு ஒருவர் டீ கொண்டுவந்திருந்தார்; அந்தக் காற்றே போதுமாக இருந்தது.

கேமராவின் பின்னால் மாட்டும் சென்சார் பகுதியான ஃபேஸ் ஒன் ஐக்யூ4-இல் ஃப்ரேம் ஆவரேஜிங் என்ற வசதியும் வாங்கிய பிறகு அப்டேட்டாக வந்ததுதான். பல படங்களைக் கேமராவே சராசரி எடுத்து ஒரே ரா ஃபைலாகத் தருகிறது. 16 படங்களின் சராசரியில் நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப் பிசிறு) நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஹாசல்பிளாட் எக்ஸ்1டி-யில் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது. பின்னால் வந்த ஃபர்ம்வேர் அதற்கு எலக்ட்ரானிக் ஷட்டர் தந்தது. அதனால் ஷட்டர் இல்லாத பழைய லென்ஸ்களையும் மாட்ட முடிந்தது. ஆனால் சென்சாரை மேலிருந்து கீழே படித்து முடிக்க அதற்கு நேரம் பிடிக்கும். அசையும் பொருள் வளையும், மினுக்கும் எல்இடி வெளிச்சத்தில் பட்டைகள் விழும். ஃபர்ம்வேரால் சென்சாரின் வேகத்தைக் கூட்ட முடியாது. எதை எதிர்பார்க்கலாம், எதைக் கூடாது என்று தெரிந்திருந்தால் ஏமாற்றம் இருக்காது.

16 பிட்டா 14 பிட்டா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொரு பிக்சலின் வெளிச்சத்தையும் எத்தனை படிநிலைகளாகப் பதிவு செய்வது என்பதுதான் அது: 14 பிட்டில் 16,384 படிநிலைகள், 16 பிட்டில் 65,536. சுருக்காத 16 பிட் ஃபைல் ஒன்று 200 எம்பியைத் தாண்டும். ஃபிளாஷ் வெளிச்சத்தில், குறைந்த ஐஎஸ்ஓ-வில் எடுக்கும் பொருட்களில் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. தரம் இழக்காத சுருக்கம் போதும். தரம் இழக்கும் சுருக்கத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள்.

கருநீலப் பட்டின் மடிப்பில் நிழலை அதிகமாகத் தூக்கும்போது மெல்லிய கிடைக்கோடுகள் தெரிந்தால் சென்சார் பழுது என்று பயப்பட வேண்டாம். ஃபோகஸுக்காகச் சென்சாரில் வரிசையாக வைத்த பிக்சல்களின் தடம் அது. ராதெரபி என்ற இலவச மென்பொருளில் இந்தக் கோடுகளுக்கென்றே தனி ஃபில்டர் இருக்கிறது.

இனி அப்டேட் செய்யும் முறை. ஒருமுறை, இரண்டு நாள் வேலைக்கு முந்தைய இரவு புதிய ஃபர்ம்வேரை ஏற்றினேன். காலையில் கேபிளை மாட்டினால் மென்பொருள் கேமராவைக் கண்டுகொள்ளவே இல்லை. மாடல், மேக்கப் கலைஞர், கடைக்காரர் எல்லோரும் காத்திருக்க, கார்டில் எடுத்து, கார்டைக் கழற்றி, கணினியில் போட்டுக் காட்டி அந்த நாளை ஓட்டினோம். பழைய பதிப்புக்குத் திரும்பவும் வழி இல்லை. தப்பு என்னுடையது. அன்றிலிருந்து, முன்பதிவு எதுவும் இல்லாத வாரத்தில் மட்டும்தான் அப்டேட். ஏற்றிய அன்றே கேபிளில் நூறு படமாவது எடுத்து, அவற்றை ரீடச் செய்பவரின் கணினியிலும் திறந்து பார்க்கிறோம்.

பேட்டரி முழுசாக இருக்க வேண்டும், பாதியில் அணைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் பலர் சிக்குவது ஃபைல் பெயரில். இரண்டாவது தடவை இறக்கும்போது கணினி பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்த்துவிடும். அந்தப் பெயரைக் கேமரா ஏற்காது. பழசை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். லென்ஸுக்கும் தனி ஃபர்ம்வேர் உண்டு; அதைப் பலர் வாங்கிய நாளிலிருந்து தொட்டதே இல்லை. அப்டேட் முடிந்ததும் மெனு முழுவதையும் ஒருமுறை சரிபாருங்கள். சில அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம்.

எங்கள் கேமராப் பெட்டியின் மூடிக்குள் ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறோம். கேமராவின் பதிப்பு, ஒவ்வொரு லென்ஸின் பதிப்பு, ரா மென்பொருளின் பதிப்பு, ப்ரொஃபைல் பெயர், தேதி. பெட்டியைத் திறப்பவர் அதைப் பார்க்காமல் கேமராவை எடுக்க முடியாது.

கேமரா செய்பவர்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள் உண்டு. பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பும் வழியைத் தாருங்கள். "சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன" என்று ஒரே வரியில் முடிக்காமல், எந்தப் பிழை, எந்த லென்ஸில், எந்த மென்பொருளோடு என்று எழுதுங்கள். நீங்களும் சேவைப் பிரிவுக்கு எழுதும்போது "படம் சரியில்லை" என்று மட்டும் எழுதாமல், அந்த டேப்பில் இருக்கும் எண்களையும் ஒரு ரா ஃபைலையும் சேர்த்து அனுப்புங்கள். நான் அப்படி அனுப்பிய புகார்களுக்குத்தான் உருப்படியான பதில் வந்திருக்கிறது.