வேலி போடும் முன் கவுண்டி அலுவலகத்துக்கு ஒரு நடை

டெக்சாஸ், ஜார்ஜியா பக்கமெல்லாம் நம்மவர்கள் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று நிலம் வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு வேலி, தண்ணீர்க் குழாய் எல்லாம் போட்டுவிட்டு, "இதுக்கெல்லாம் அரசாங்கம் பணம் தருதாமே, எங்கே எழுதிப் போடணும்?" என்று கேட்பார்கள். தரும்தான். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன்பே தொடங்கிவிட்ட வேலைக்குத் தராது. விவசாயிகளுக்கு மண்வளப் பாதுகாப்புத் திட்டம் எழுதித் தருவது என் தொழில். இந்த ஒரு விதி தெரியாமல் பணத்தை விட்டவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

யுஎஸ்டிஏ (அமெரிக்க வேளாண் துறை) சர்வீஸ் சென்டர் என்று தேடினால் உங்கள் கவுண்டிக்கான, அதாவது மாவட்டத்துக்கான, முகவரி கிடைக்கும். எல்லாக் கவுண்டியிலும் அலுவலகம் இருக்காது. பக்கத்துக் கவுண்டிக்குப் போகச் சொல்வார்கள். நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். உள்ளே பெரும்பாலும் இரண்டு பிரிவுகள் இருக்கும். எஃப்எஸ்ஏ என்கிற பண்ணைச் சேவைப் பிரிவு, கடன், பேரிடர் உதவி, நிலப் பதிவு ஆகியவற்றைப் பார்க்கும். என்ஆர்சிஎஸ் என்கிற இயற்கை வளப் பாதுகாப்புப் பிரிவு, மண், தண்ணீர், மேய்ச்சல், மரம் சம்பந்தப்பட்டது. புழுதிப் புயல்கள் வயல்களை வாரிக்கொண்டு போன 1935-இல் தொடங்கிய துறை.

முதலில் எஃப்எஸ்ஏ. பத்திரத்தின் நகலைக் கொடுத்துப் பண்ணை எண் வாங்க வேண்டும். உங்கள் நிலத்தின் வான்வழிப் படத்தை எடுத்துக் காட்டுவார்கள். ஒவ்வொரு வயலுக்கும் கோடு போட்டு, எண்ணும் ஏக்கரும் எழுதியிருக்கும். அதை நிதானமாகப் பாருங்கள். பெரிய பண்ணையைத் துண்டு போட்டு விற்றிருந்தால் உங்கள் பத்து ஏக்கர் இன்னும் பழைய உரிமையாளரின் எண்ணிலேயே கிடக்கலாம்; பிரித்துத் தரச் சொல்லுங்கள். பத்திரம் எல்எல்சி (உங்கள் கம்பெனி) பெயரில், விண்ணப்பம் உங்கள் பெயரில் என்றால் வேலை அங்கேயே நின்றுவிடும். கிரீன் கார்டு இல்லாதவர்களுக்குச் சில திட்டங்களில் தனி விதிகள் உண்டு, அதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஏடி-1026 என்றொரு படிவத்திலும் கையெழுத்துக் கேட்பார்கள். சதுப்பு நிலத்தைப் பயிருக்காக வடிக்க மாட்டேன், எளிதில் அரிக்கும் மண்ணைப் பாதுகாப்புத் திட்டம் இல்லாமல் உழ மாட்டேன் என்ற உறுதிமொழி அது. ஆகவே, எப்போதும் ஈரமாகவே கிடக்கும் அந்த மூலையில் புல்டோசரை இறக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது என்ஆர்சிஎஸ். சிறு விவசாயிகள் அதிகம் கேட்பது ஈக்விப் திட்டம்; மண், தண்ணீரைக் காக்கும் வேலைகளுக்குச் செலவில் ஒரு பங்கைத் தருவது. ஆண்டு முழுவதும் விண்ணப்பம் வாங்குவார்கள். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் கடைசித் தேதி உண்டு, தவறினால் அடுத்த சுற்றுதான். முதலில் வந்தவருக்கு முதலில் என்பதும் கிடையாது, மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவார்கள். அதிகாரி நிலத்துக்கு வந்து உங்களோடு நடப்பார். அப்போது "வேலி வேணும்" என்று ஆரம்பிக்காதீர்கள். எல்லையைக் காட்டுவதற்காகப் போடும் வேலிக்குப் பணம் கிடையாது. மாடுகளை மாற்றி மாற்றி மேய்க்க, ஓடைக்குள் இறங்காமல் தடுக்கப் போடும் வேலிக்கு உண்டு. மழை பெய்தால் எந்தச் சரிவில் மண் கரைகிறது, எங்கே புல் முளைப்பதில்லை என்று காட்டுங்கள். அவர்கள் பார்ப்பது உங்கள் நிலத்தின் குறையை. பயிருக்கு மேல் பிளாஸ்டிக் போர்த்திய ஹை டனல் கூடாரமும் அப்படித்தான். நிலத்து மண்ணில் நட்டுப் பயிர் செய்யத்தான் தருகிறார்கள், தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்க அல்ல. (அந்த ஆசை நமக்கெல்லாம் உண்டு, எனக்கும்தான்.)

பணத்தை உங்கள் பில்லைப் பார்த்துத் தருவதில்லை. அடிக்கு இவ்வளவு, ஏக்கருக்கு இவ்வளவு என்று முன்பே வைத்திருக்கும் கணக்கு. வேலை முடிந்து, அளந்து பார்த்த பிறகுதான் கைக்கு வரும். பொதுவாகச் செலவு மதிப்பில் 75 சதவீதம் வரை; விவசாயத்தில் இறங்கிப் பத்து ஆண்டு தாண்டாதவர்களுக்கு 90 வரை போகலாம், பாதியை முன்பணமாகவும் கேட்கலாம். விண்ணப்பத்தில் அதற்கான கட்டத்தில் டிக் அடிக்காமல் விடுபவர்கள் பலர். விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் இல்லை, அதிகாரி வந்து ஆலோசனை சொல்வதும் இலவசம். படிவம் நிரப்பித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வந்த பணத்துக்கு 1099-ஜி படிவம் வரும், வரிக் கணக்காளரிடம் காட்டுங்கள். போட்டதைப் பராமரிக்கும் பொறுப்பும் உங்களுடையதே. வேலி என்றால் 20 ஆண்டு. இடையில் நிலத்தை விற்க நினைத்தால், விலை பேசும் முன்பே அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். வாங்குபவர் ஒப்பந்தத்தை ஏற்காவிட்டால் பணத்தை நீங்கள் திருப்பிக் கட்ட நேரிடலாம்.