செக் திரும்பினால் நோட்டீஸில் எந்தத் தொகையைக் கேட்பது?

போன வாரம் ஈரோட்டுப் பக்கமிருந்து ஒரு நூல் வியாபாரி வந்தார். பிளாஸ்டிக் கவரில் திரும்பிவந்த செக், ஏன் திரும்பியது என்று வங்கி கொடுத்த சீட்டு (ரிட்டர்ன் மெமோ), மூன்று பக்க வக்கீல் நோட்டீஸின் நகல். செக் தொகை 3,20,000 ரூபாய். நோட்டீஸில் முதல் இரண்டு பக்கமும் எதிராளியின் நாணயக்கேட்டைப் பற்றியே. கடைசிப் பக்கத்தில், "வட்டி, மன உளைச்சல், செலவு உட்பட 5,00,000 ரூபாயை உடனே செலுத்தவும்" என்று ஒரு வரி. 3,20,000 என்ற எண்ணைத் தேடித் தேடிப் பார்த்தேன், எங்குமே இல்லை. இந்த வருடம் என் மேசைக்கு வந்த நான்காவது நோட்டீஸ் இது. வயிறு எரிகிறது.

"கூட்டிக் கேட்டால்தான் சார் பயப்படுவான், அப்புறம் பேசிக் குறைச்சுக்கலாம்" என்றார். எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். சந்தையில் விலை பேச அது சரி. நோட்டீஸ் விலை பேசும் கடிதம் இல்லை. செக் திரும்பிய உடனே குற்றம் நடந்துவிட்டதாக நினைக்கிறீர்கள். செக் திரும்புவதைப் பற்றிய மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (Negotiable Instruments Act) 138-ஆவது பிரிவில் அப்படி இல்லை. அந்த செக்கின் தொகையை எழுத்தில் கேட்க வேண்டும். நோட்டீஸ் கையில் கிடைத்து 15 நாளில் செக் கொடுத்தவர் பணத்தைக் கொடுக்காமல் இருக்க வேண்டும். அப்போதுதான் குற்றம் முழுமையாகிறது. செக் தொகையைக் கேட்கவே இல்லை என்றால், எதைக் கொடுக்கத் தவறினார் என்று வழக்குப் போடுவீர்கள்? 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கில் செக் 1 கோடி ரூபாய்க்கு, நோட்டீஸில் கேட்டது 2 கோடி. டைப் அடித்ததில் பிழை என்று சொல்லிப் பார்த்தார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை, வழக்கு போனது போனதுதான்.

வட்டியும் செலவும் கேட்கவே கூடாதா? கேளுங்கள், தனியாகக் கேளுங்கள். செக் தொகை இவ்வளவு என்று ஒரு பத்தி, மற்றவை இவ்வளவு என்று அடுத்த பத்தி. அப்படிப் பிரித்துக் கேட்டால் நோட்டீஸ் செல்லும் என்று 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகக் கேட்பதில்தான் கெட்டுப்போகிறது.

எழுத வேண்டியது அரைப் பக்கம்கூட வராது. செக் எண், தேதி, தொகை, வங்கி, எந்தக் கடனுக்காகக் கொடுத்தது, என்ன காரணம் சொல்லித் திரும்பியது. அப்புறம், "இந்த அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் மேற்படி செக் தொகையான 3,20,000 ரூபாயைச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்." தமிழிலேயே எழுதலாம். வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. எங்கள் ஜூனியர்களுக்கும் ஒரு வார்த்தை: பழைய டிராஃப்டைத் திறந்து பெயரை மட்டும் மாற்றாதீர்கள். போன கட்சிக்காரரின் தொகை அதில் அப்படியே உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். "தர்றேன்னு சொன்னார் சார்" என்று காத்திருக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்காதீர்கள், தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. அதில் அனுப்பி ரசீதை பத்திரமாக வையுங்கள். முகவரியை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபாருங்கள். முகவரி சரியாக இருந்து, வாங்க மறுத்தோ கதவு பூட்டியிருந்தோ உறை திரும்பினால், கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று 2007-லேயே தீர்ப்பு இருக்கிறது. தயவுசெய்து அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள்.

நோட்டீஸ் தப்பாகப் போய்விட்டதா? 30 நாள் முடியவில்லை என்றால் இன்றே சரியான ஒன்றை அனுப்புங்கள். முடிந்திருந்தாலும், செக் தேதியிலிருந்து மூன்று மாதம் ஆகாவிட்டால் மறுபடி வங்கியில் போடலாம். திரும்பினால் புதிதாக நோட்டீஸ் கொடுக்கலாம். 2012-இல் உச்ச நீதிமன்றம் திறந்துவிட்ட வழி அது.

நூல் வியாபாரிக்கு அந்த மூன்று மாதமும் தாண்டிவிட்டது. இனி சிவில் வழக்குதான். அதற்கு மூன்று வருடக் கெடு இருக்கிறது. பில், லாரி ரசீது, எதிராளி கையெழுத்துப் போட்ட டெலிவரி சலான் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை வருகிறார்.