செம்புலப் பெயல்நீரை எல்லாவற்றுக்கும் ஊற்றாதீர்கள்

மட்டக்களப்பு கல்லடியில் பின்னேர வகுப்பு எடுக்கிறேன். சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கிய நயம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க எஸ்.ஏ.டி. எழுதும் ஓரிருவருக்கு ஆங்கில வாசிப்பு. பாடமும் மொழியும் வேறு என்றாலும் பிழை ஒன்றுதான். கேட்ட கூற்றை நிறுவுகிற வரியை விட்டுவிட்டு, தங்களுக்குப் பாடமான வரியைக் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

போன மாதம் குறுந்தொகையின் 40ஆம் பாட்டைக் கொடுத்து, ‘தலைவனும் தலைவியும் முன்பின் அறியாதவர்கள்’ என்பதற்கு ஆதாரம் கேட்டேன். ஐந்தே அடி. முக்கால்வாசித் தாள்களில் ‘செம்புலப் பெயல்நீர் போல’ என்றிருந்தது.

“ஏன் மகன் இந்த வரி?”

“அதுதானே சேர் பேமஸ்.”

சரி, பேமஸ்தான். ஆனால் அந்த உவமை சொல்வது கலந்த பிறகு உள்ள நிலையை. செம்மண்ணில் விழுந்த மழைநீர் மண்ணின் நிறத்தை வாங்கிக்கொண்டால் பிறகு பிரித்தெடுக்க ஏலாது. (எங்கள் கடற்கரை மணலில் மாரி மழை விழுந்த உடனே கீழே இறங்கிவிடும். இந்த உவமைக்காகவே ஒரு போத்தலில் செம்மண் வைத்திருக்கிறேன்.) நான் கேட்டதோ கலப்பதற்கு முந்திய நிலை. அது முதல் மூன்று அடிகளில் இருக்கிறது. ‘யாயும் ஞாயும் யாராகியரோ’ தாய்மாரைப் பற்றியது, ‘எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்’ தந்தைமாரைப் பற்றியது. ‘யானும் நீயும் எவ்வழி அறிதும்’ (நானும் நீயும் எப்படி அறிந்தோம்) என்ற மூன்றாம் அடிதான் இந்த இருவரையும் பற்றியது. ‘இரு குடும்பத்துக்கும் உறவில்லை’ என்று கேட்டிருந்தால் முதல் இரண்டு அடிகளை எடுத்திருக்க வேண்டும்.

எஸ்.ஏ.டி.யில் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதிக்கு 64 நிமிடம், 54 வினா. இலக்கிய வினா சிலவற்றில் ஒரு கதையையோ கவிதையையோ பற்றிய கூற்றும், அதிலிருந்தே எடுத்த நான்கு மேற்கோள்களும் தருவார்கள். நான்கும் அந்த நூலில் உள்ளவைதான் என்பதால் ‘இது உண்மையா’ என்று பார்த்துப் பயனில்லை. ‘வெளியே சிரித்தாலும் உள்ளே அஞ்சுகிறாள்’ என்பது கூற்று என்று வையுங்கள். சிரிப்பை மட்டும் காட்டும் மேற்கோள் பாதிக்குப் பொருந்தும். அவசரக்காரர் விழுவது அந்தப் பாதியில்தான்.

அதனால் என் வகுப்பில் பாட்டைத் தொடுமுன் கூற்றைத் துண்டு போடுவோம்: யார், என்ன, எப்போது. பிறகு வரியில் எந்தச் சொல் எந்தத் துண்டைத் தாங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால், எவ்வளவு அழகான வரியென்றாலும் விட்டுவிடச் சொல்வேன். எழுதும் பரீட்சையில் இன்னொரு வேலையும் உண்டு: மேற்கோளுக்குப் பின் அந்தச் சொல்லைப் பற்றி ஒரு வசனமாவது எழுத வேண்டும். மேற்கோள் தானாகப் பேசாது.

பெற்றோர் என்னிடம் கேட்பது ‘எத்தனை பாட்டுப் பாடமாக்கினான்’ என்பதைத்தான். ‘பேமஸ்’ என்று சொன்ன அந்தப் பையன் இந்தக் கிழமை திருப்பி எழுதிய விடை இரண்டே வசனம். மூன்றாம் அடியை எழுதி, ‘அறிதும்’ என்பதன் கீழே கோடு போட்டு, “இது கேள்வி, அறிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டான்” என்று முடித்திருந்தான்.