‘மிஸ்கண்டக்ட் இன் பப்ளிக் ஆஃபீஸ்’: தமிழில் என்ன சொல்வது?

2026 பிப்ரவரி 19 மாலை என் சித்தப்பா ஃபோன் செய்தார். “என்னப்பா, ஆபீஸ்ல வச்சுத் தப்பா நடந்துக்கிட்டார்னு போட்டிருக்கான். எந்த ஆபீஸ்? அந்தப் பொண்ணுங்க விஷயந்தானே?” என்றார். அவர் பிரிட்டன் மன்னரின் தம்பி ஆண்ட்ரூ மவுண்ட்பேட்டன்-விண்ட்சரின் கைதைப் பற்றிக் கேட்கிறார் என்பது உடனே புரிந்தது. அவர் படித்த செய்தியில் ‘பொது அலுவலகத்தில் தவறான நடத்தை’ என்று இருந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘மிஸ்கண்டக்ட் இன் பப்ளிக் ஆஃபீஸ்’ என்ற நான்கு சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து அப்படியே தமிழில் வைத்திருந்தார்கள்.

சித்தப்பாவைக் குறை சொல்ல முடியாது. தமிழில் ‘தவறான நடத்தை’ என்றால் காதில் விழுவது ஒரே ஒரு அர்த்தம்தான். ‘அலுவலகம்’ என்றால் நாற்காலி, மேசை, கோப்புகள் உள்ள கட்டடம். அதன் பக்கத்தில் அமெரிக்கப் பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீன் பெயரும் வந்துவிட்டால், வாசகர் வேறு எப்படிப் படிப்பார்? ஆனால் போலீஸ் சொன்ன குற்றம் அதுவல்ல. வெறும் மொழிபெயர்ப்பு நுணுக்கம் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒருவரைக் கைது செய்திருக்கிறார்கள், இன்னும் குற்றச்சாட்டுகூடப் பதியவில்லை. எந்தக் குற்றத்தின் பேரில் என்பதையாவது சரியாகச் சொல்ல வேண்டும்.

முதலில் நடந்தது என்ன? ஆண்ட்ரூ, மறைந்த ராணி இரண்டாம் எலிசபெத்தின் இரண்டாவது மகன், இன்றைய மன்னர் மூன்றாம் சார்லஸின் தம்பி. 2001 முதல் 2011 வரை பிரிட்டனின் சர்வதேச வர்த்தகத்துக்கான சிறப்புப் பிரதிநிதியாக இருந்தார். எப்ஸ்டீனோடு இருந்த தொடர்பால் 2019இல் பொதுப் பணிகளிலிருந்து விலகினார். 2022 ஜனவரியில் ராணுவப் பதவிகள் போயின. 2025 அக்டோபரில் இளவரசர் பட்டமும் போனது. பிறகு அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட ஆவணங்களில், அரசு சார்பில் அவர் போய்வந்த பயணங்களின் அறிக்கைகள் எப்ஸ்டீனுக்கு அனுப்பப்பட்டதைக் காட்டும் மின்னஞ்சல்கள் இருந்தன. அதன் பிறகுதான் தேம்ஸ் வேலி போலீஸ் நார்ஃபோக்கில் உள்ள சாண்ட்ரிங்ஹாம் எஸ்டேட்டுக்கு வந்தது. அன்று அவருக்கு 66ஆவது பிறந்தநாள். மாலையில் விடுவித்தார்கள், விசாரணை தொடர்கிறது. எப்ஸ்டீன் தொடர்பில் தான் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதே அவர் தொடர்ந்து சொல்லிவருவது.

அன்றிரவு உலகம் முழுக்கச் சுற்றிய படம் உங்களுக்கும் நினைவிருக்கும். காவல் நிலையத்திலிருந்து கிளம்பும் காரின் பின் இருக்கையில், கேமரா வெளிச்சம் முகத்தில் அடிக்க, சரிந்து கிடக்கும் ஒரு முதியவர். பலர் அந்தப் படத்தைப் பார்த்து ‘அப்பாடா’ என்றார்கள். தன்னைப் பாலியல் துன்புறுத்தல் செய்ததாக ஆண்ட்ரூ மீது வழக்குத் தொடுத்து, 2025இல் இறந்துபோன வர்ஜினியா ஜூஃப்ரேயின் குடும்பத்தினர், சட்டத்துக்கு மேலே யாரும் இல்லை, அரச குடும்பமும் இல்லை என்று நெகிழ்ந்து சொன்னார்கள். அவர்கள் சொன்னதைப் படித்தபோது தொண்டை அடைத்தது. இன்னொரு பக்கம் கோபமும் இருந்தது: பெண்கள் ஆண்டுக்கணக்காகச் சொன்னதற்கு அசையாத சட்டம், சில காகிதங்களுக்கு அசைகிறதே என்று. நியாயமான கோபம். அதைப் புரிந்துகொள்ளவும் அந்த நான்கு சொற்களின் உண்மையான பொருள் தெரிய வேண்டும்.

‘ஆஃபீஸ்’ என்ற சொல் லத்தீன் ‘ஒஃபிகியும்’ என்பதிலிருந்து வந்தது. ‘ஓபஸ்’ என்றால் வேலை, ‘ஃபாகெரே’ என்றால் செய்தல். வேலை செய்தல், அதிலிருந்து கடமை. ரோமானியர்களுக்கு இந்தச் சொல் ஒருவர் தலைமேல் உள்ள கடமையைக் குறித்தது. கடமையிலிருந்து அந்தக் கடமை சேர்ந்த பதவி, பதவியிலிருந்து அந்தப் பதவிக்காரர் உட்காரும் இடம் என்று பொருள் நகர்ந்தது. நமக்கு வந்து சேர்ந்தது கடைசியில் உள்ள கட்டடம் மட்டும். சட்டத்தில் இன்னும் பழைய பொருள்தான் இருக்கிறது.

‘மிஸ்கண்டக்ட்’ கதை இன்னும் சுவையானது. ‘கண்டக்ட்’ என்பதற்கு லத்தீன் வேர் வழிநடத்திச் செல்லுதல். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘மிஸ்கண்டக்ட்’ ஆங்கிலத்தில் புழங்கியபோது அதன் பொருள் மோசமான நிர்வாகம், காரியத்தைக் கெடுத்தல். ஒழுக்கக்கேடு என்ற பொருள் அதோடு ஒட்டிக்கொண்ட ஒன்று. ஆக, சட்டச் சொல்லின் அடியில் இருப்பது நடத்தை அல்ல, நடத்துதல். ஒப்படைத்த காரியத்தை நடத்த வேண்டிய முறையில் நடத்தாமல் விட்டது.

இந்தக் குற்றம் இங்கிலாந்தின் எந்தச் சட்டப் புத்தகத்திலும் ஒரு பிரிவாக எழுதப்பட்டுத் தொடங்கவில்லை. நீதிபதிகளின் தீர்ப்புகள் வழியே வளர்ந்த பொதுச் சட்டக் குற்றம் அது. அடிக்கடி காட்டப்படும் பழைய வழக்கு 1783இல் நடந்த பெம்பிரிட்ஜ் வழக்கு. சார்லஸ் பெம்பிரிட்ஜ் ராணுவச் சம்பளப் பணம் கையாளும் அரசு அலுவலகத்தில் கணக்கர். முன்பு அந்தத் துறைக்குத் தலைவராக இருந்த ஹாலண்ட் பிரபுவின் கணக்கை முடிக்கும்போது பெரும் தொகைகள் விடுபட்டிருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் மறைத்தார். பொதுமக்களைச் சார்ந்த நம்பிக்கைப் பொறுப்பை ஏற்றவர், அதில் தவறினால் மன்னருக்குக் குற்றவியல் முறையில் பதில் சொல்லியாக வேண்டும் என்றார் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு.

அந்த வரியை இன்று படிக்கும்போது கொஞ்ச நேரம் நின்று யோசிக்க வைக்கிறது. இங்கிலாந்தில் குற்ற வழக்குகள் இன்றும் மன்னர் பெயரில்தான் நடக்கின்றன. ஆண்ட்ரூ மீது வழக்கு வந்தால், தாள்களில் வாதியின் இடத்தில் இருப்பது அண்ணனின் மணிமுடி.

1979இல் இன்னொரு வழக்கு. சீருடையில் இருந்த ஒரு கான்ஸ்டபிள், தன் கண்ணெதிரே ஒரு மனிதரை அடித்துக் கொல்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு பணி நேரம் முடியப்போகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் எதையும் செய்யவில்லை. செய்யாததுதான் குற்றம். பணம் வாங்கினாரா, லாபம் பார்த்தாரா என்ற கேள்வியே எழவில்லை. இதனால்தான் ‘ஊழல்’ என்ற நம் சொல் இங்கே பொருந்தாது. ஊழல் என்றதும் பணம் கைமாறும் காட்சி மனதில் வந்துவிடுகிறது.

இன்றைய நிலையில் நீதிமன்றம் பார்ப்பவை நான்கு. அவர் பொதுப் பொறுப்பில் இருந்து அந்தப் பொறுப்பின்படி செயல்பட்டவரா? தெரிந்தே கடமையைச் செய்யாமல் விட்டாரா அல்லது தெரிந்தே தவறாகச் செய்தாரா? மக்கள் அந்தப் பொறுப்பின் மேல் வைத்த நம்பிக்கையைக் கெடுக்கும் அளவுக்கு அது போனதா? நியாயமான காரணம் எதுவும் இல்லையா? அதிகபட்ச தண்டனை ஆயுள் சிறை. சம்பளம் வாங்காத வர்த்தகப் பிரதிநிதி ‘பொதுப் பொறுப்பில்’ இருந்தவரா என்பது வழக்கறிஞர்கள் மோதப்போகும் இடம். சம்பளம் இருந்தால்தான் பொறுப்பு என்று சட்டம் சொல்லவில்லை.

சரி, தமிழுக்கு வருவோம்.

‘அதிகார துஷ்பிரயோகம்’ என்று பலர் எழுதினார்கள். ‘துஷ்’ கெட்ட, ‘பிரயோகம்’ பயன்பாடு, இரண்டும் வடமொழி. அர்த்தம் ஓரளவு கிட்ட வருகிறது. ஆனால் கண்ணெதிரே கொலையைப் பார்த்து நின்ற கான்ஸ்டபிள் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தவில்லை, பயன்படுத்தவே இல்லை. அந்தப் பாதியை இந்தச் சொல் விட்டுவிடுகிறது. அப்புறம் இலங்கைத் தமிழில் ‘சிறுவர் துஷ்பிரயோகம்’, ‘பாலியல் துஷ்பிரயோகம்’ என்று தினமும் எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர் இந்தத் தலைப்பைப் பார்த்தால் என் சித்தப்பா போய் நின்ற இடத்திலேயே அவரும் போய் நிற்பார்.

‘பதவி’ பரவாயில்லை. ஆனால் அது வடமொழியில் வழி, நிலை என்ற பொருளிலிருந்து வந்தது. உயர்ந்த இடத்தைக் காட்டும், கடமையைக் காட்டாது. எனக்குப் பிடித்த சொல் ‘பொறுப்பு’. பொறு என்ற வினையிலிருந்து வந்தது. பொறுத்தல் என்றால் தாங்குதல், சுமத்தல். சங்கத்திலோ கட்சியிலோ ஒருவருக்கு ‘பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள்’ என்று சொல்லும்போது இடமும் கடமையும் சேர்ந்தே வருகின்றன. லத்தீன்காரர் ‘ஒஃபிகியும்’ என்றபோது எதைச் சொன்னாரோ, அதை நாம் தெருவில் பேசும் சொல் இன்றும் சொல்கிறது.

‘மிஸ்கண்டக்ட்’ என்பதற்கு ‘முறைகேடு’. செய்தித்தாளில் தேய்ந்துபோன சொல் என்று சிலருக்குத் தோன்றலாம். அதன் வேரைப் பார்த்தால் அப்படி நினைக்க மாட்டோம். குறளில் முறை என்றால் நீதி. ‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்’ என்பது நீதி வழங்கிக் காக்கும் அரசன். ‘முறைகோடி மன்னவன் செய்யின்’ மழையே பெய்யாது என்கிறது இன்னொரு குறள். முறைகோடுதல், அதாவது முறை வளைதல். அதன் அடுத்த படி முறைகேடு. ஆட்சியில் இருப்பவர் நீதியின் வழியைக் கெடுத்தார் என்ற முழுப் பொருளும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கிறது.

இதற்கு ஒரு பழைய தொடரும் உண்டு. ‘அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற் றாவதூஉம்’ என்கிறது சிலப்பதிகாரப் பதிகம். அரசியல் பிழைத்தோர் என்றால் ஆட்சிமுறையில் தவறியவர்கள், அவர்களுக்கு அறமே எமன். ‘மிஸ்கண்டக்ட் இன் பப்ளிக் ஆஃபீஸ்’ என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் இன்று ‘அரசியல்’ கட்சி அரசியல் ஆகிவிட்டது, ‘பிழைத்தார்’ என்றால் உயிர் தப்பினார் என்று ஆகிவிட்டது. ‘அரசியல் பிழைத்த ஆண்ட்ரூ’ என்று எழுதினால் அவர் ஏதோ தேர்தலில் தப்பித்துக்கொண்டார் என்று படிப்பார்கள். ஆசையாக இருந்தாலும் விட்டுவிட வேண்டியதுதான்.

நம் ஊர்க் கல்வெட்டிலும் இந்தக் குற்றம் இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியில்லை என்று விதிக்கிறது. பெம்பிரிட்ஜ் செய்ததும் கணக்குக் காட்டாததுதான்.

இதோடு ‘கைது’ பற்றியும் ஒரு வார்த்தை. அது ‘கை’யில் பிறந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அரபு ‘கைத்’ உருது வழியாக நமக்கு வந்தது, ‘கைதி’யும் அப்படியே. அங்கே அதன் பொருள் கட்டு, சிறை. அந்த வாசனை தமிழிலும் ஒட்டியிருப்பதால்தான் ‘கைது’ என்றதும் ‘மாட்டிக்கிட்டார், முடிஞ்சுது’ என்று மனம் ஓடுகிறது. ஆங்கில ‘அரெஸ்ட்’ பழைய பிரெஞ்சில் நிறுத்துதல் மட்டுமே. நிறுத்தி விசாரிக்கிறார்கள், அவ்வளவுதான். ‘தளைப்படுத்தினர்’ என்று எழுதலாமா என்றால், தளை இன்னும் இறுக்கமான கட்டு. எனக்கு ‘கைது’ போதும், முன்னால் ‘சந்தேகத்தின் பேரில்’ இருக்கும் வரை.

மன்னர் சார்லஸ் அன்று வெளியிட்ட அறிக்கையில், சட்டம் அதன் போக்கில் போக வேண்டும் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. தமிழ்ச் செய்திகளில் அது ‘சட்டம் தன் கடமையைச் செய்யும்’ என்று வந்தது. நம்மிடம் ஏற்கெனவே புழங்கும் வாக்கியம். போக்கு கடமையாக மாறியதில் எனக்கு வருத்தமில்லை, ஏனென்றால் கடமைதான் இங்கே பேச்சு.

பிரிட்டனில் 2025 செப்டம்பரில் கொண்டுவந்த மசோதா, இந்தப் பழைய குற்றத்தை நீக்கிவிட்டு எழுதப்பட்ட புதிய குற்றங்களை வைக்கப் பார்க்கிறது. அப்போது அவற்றுக்கும் தமிழ் தேட வேண்டிவரும். இப்போதைக்கு நான் சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரி இது: ‘பொதுப் பொறுப்பில் முறைகேடு செய்த சந்தேகத்தின் பேரில் பிரிட்டன் மன்னரின் தம்பி கைது.’ பத்து நிமிடம் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. “அப்போ அந்தப் பொண்ணுங்க கேஸ் என்ன ஆச்சு?”