ஈக்விட்டி, டைவர்சிட்டி, இன்க்ளூஷன்: மூன்று சொற்களும் அவற்றின் தமிழும்

தில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கச் சேர்ந்த தமிழ் மாணவர் ஒருவர், சேர்க்கையின்போது தமக்குக் கொடுத்த கொள்கைத் தாளை எடுத்துக்கொண்டு, இராமகிருஷ்ணபுரத்தில் இருக்கும் தில்லித் தமிழ்ச் சங்க நூலகத்தில் என்னைப் பார்க்க வந்தார். ஈக்விட்டி, டைவர்சிட்டி, இன்க்ளூஷன் ஆகிய மூன்றையும் இப்பல்கலைக்கழகம் வளர்த்தெடுக்கும் என்பது அத்தாளின் முதல் வாக்கியம். ஆரணிப் பக்கம் தறி நெய்யும் தம் தந்தைக்கு அதைத் தமிழில் எழுதி அனுப்ப விரும்பியவர், மூன்று சொற்களுக்கும் சுற்றிச் சுற்றிச் ‘சமத்துவம்’ என்றே எழுதியிருந்தார். “தப்பா சார்?” என்று கேட்டார். தவறு என்று சொல்ல முடியவில்லை. போதாது என்று மட்டும் சொல்ல முடிந்தது.

ஈக்விட்டி என்னும் சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் ‘ஈக்குவஸ்’. மேடு பள்ளமில்லாத சமதளம் என்பது அதன் முதற்பொருள். அதே வேரிலிருந்துதான் சமத்துவத்தைக் குறிக்கும் ஈக்வாலிட்டியும் பிறந்தது. ஆகவே இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதற்கு நம் மாணவரைக் குறைசொல்ல ஏதுமில்லை. பொருள் பிரிந்த இடம் சட்டம். பொதுவிதி எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் ஏதோ ஒரு வழக்கில் அது அநீதியாக முடியக்கூடும் என்றும், அங்கே விதியைத் திருத்திக்கொள்வதும் நீதியின் பாற்பட்டதே என்றும் அரிஸ்டாட்டில் விளக்கினார். அதற்கு அவர் காட்டிய உவமை லெஸ்பாஸ் தீவுக் கொத்தனார்களின் ஈய அளவுகோல்: கல்லின் வடிவத்துக்கு ஏற்ப அந்தக் கோல் வளைந்துகொடுக்கும். பின்னாளில் இங்கிலாந்தில், பொதுச்சட்ட நீதிமன்றத்தில் தீர்வு கிடைக்காதவர்கள் மன்னரின் உயர் அமைச்சரான சான்சலரின் மன்றத்தை நாடியபோது, அம்மன்றம் வழங்கிய நீதிக்கு ஈக்விட்டி என்றே பெயர் நிலைத்தது. பங்குச்சந்தையில் நாம் கேள்விப்படும் ஈக்விட்டியும் இதன் கிளைதான்; நாளிதழ்களின் வணிகப் பக்கம் அதைப் ‘பங்கு மூலதனம்’ என்று சரியாகவே எழுதுகிறது.

பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் உயர்கல்வி நிறுவனங்களில் ஈக்விட்டியை வளர்ப்பதற்கென ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டபோது, மாணவர்கள் அனைவருக்கும் ஆடுகளம் சமதளமாக இருத்தல் என்னும் கருத்திலேயே அச்சொல்லுக்கு வரையறை தந்தது. இரண்டாயிரம் ஆண்டு சுற்றிவிட்டுச் சொல் தன் பழைய வயல்வெளிக்கே திரும்பியிருக்கிறது.

தில்லியில் இருப்பவருக்கு இந்தி வழியாகவும் ஒரு குழப்பம் வந்து சேர்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரை, வாய்ப்பில் ஈக்வாலிட்டி என்பதை இந்தியில் ‘சமதா’ என்கிறது. 14-ஆம் உறுப்பின் தலைப்பிலும் அதே ‘சமதா’ நிற்கிறது. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் இந்தி வடிவமோ ஈக்விட்டியைச் ‘சமதா’ ஆக்கிவிட்டது. எனவே இந்திச் சுற்றறிக்கையைப் பார்த்துத் தமிழாக்கம் செய்பவர் இரண்டையும் ‘சமத்துவம்’ என்று எழுதுவதில் வியப்பில்லை. இந்தியில் ஈக்வாலிட்டிக்குச் ‘சமானதா’ என்று இன்னொரு சொல் கைவசம் இருப்பதால் அவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள்.

தமிழில் ஈக்விட்டிக்குப் பலரும் முன்மொழியும் சொல் ‘ஒப்புரவு’. அழகான சொல்தான். ஆனால் திருக்குறளில் ஒப்புரவு என்பது உலகநடை அறிந்து பிறர்க்கு உதவுதல். அறிவுடையவனின் செல்வம் ஊருணி நிறைந்ததைப் போன்றது என்று அங்கே வருகிறது. கிறித்தவத் தமிழிலோ ஒப்புரவு என்றால் பிணக்கு நீங்கி உறவாதல். உள்ளவர் மனமிரங்கித் தருவதையும் பகை தீர்வதையும் குறித்துவந்த சொல்லை, ஒரு மாணவர் உரிமையோடு கேட்கும் ஒன்றுக்குப் பெயராக்கினால், உரிமை உபகாரமாகத் தொனிக்கும். ‘நடுவுநிலைமை’ பொருளால் மிக நெருங்கியது. ஆயினும் இன்றைய வழக்கில் அது எப்பக்கமும் சாயாமல் கைகட்டி நிற்பதையே குறிக்கிறது. ‘நிகர்’ என்பதையோ பல்கலைக்கழக உலகம் ஏற்கெனவே நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்துவிட்டது.

நடுவுநிலைமை அதிகாரத்தை இங்கே விட்டுவிட மனம் வரவில்லை. “தகுதி எனவொன்று நன்றே பகுதியால் பாற்பட்டு ஒழுகப் பெறின்” என்று அது தொடங்குகிறது. இங்கே ‘தகுதி’ என்பதற்குப் பரிமேலழகர் கூறும் பொருள் நடுவுநிலைமை; பகை, நொதுமல் (பகையும் நட்பும் அல்லாத அயல்), நட்பு என்னும் பகுதிதோறும் முறைமை தவறாமை. இட ஒதுக்கீட்டை எதிர்ப்போர் இன்று கையில் எடுக்கும் முதற்சொல்லும் ‘தகுதி’தான், ஆனால் குறளில் அது மதிப்பெண் பெற்றவரிடம் இருப்பதன்று, மதிப்பெண் போடுபவரிடம் இருக்க வேண்டியது. அதே அதிகாரத்தில் “சமன்செய்து சீர்தூக்கும் கோல்” வருகிறது. முன்னே தான் சமனாக நின்று, பின்னரே தன்மேல் வைத்த பாரத்தை வரையறுக்கும் துலாக்கோல் என்பது உரை. எண்ணெய்க் கடைக்காரர் வெறும் பாத்திரத்தை ஒரு தட்டில் வைத்து, அதற்கு ஈடாக மறுதட்டில் கல்லை வைத்து, முள் நடுவில் நின்ற பிறகே எண்ணெய் ஊற்றி நிறுப்பார். பாத்திரத்தின் எடையைக் கழிக்காமல் நிறுத்தால் அது நிறுவையே ஆகாது. வீட்டில் எவரும் கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளையும் பேராசிரியரின் பிள்ளையும் எழுதிய ஒரே தேர்வை நிறுக்கும்போது பாத்திரத்தின் எடையைக் கணக்கில் எடுப்பதற்குப் பெயர்தான் ஈக்விட்டி.

தில்லியிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் நெடுங்காலம் தன் நுழைவுத் தேர்வில் பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்களுக்கும் பெண்களுக்கும் கூடுதல் மதிப்பெண் வழங்கிவந்தது. ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயரே இழப்புப் புள்ளிகள் என்று பொருள்படும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கிய 2020-ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வகையைச் சேர்ந்ததே. இட ஒதுக்கீடு சமத்துவத்துக்கு விதிவிலக்கன்று, அதன் ஒரு முகமே என்னும் பார்வை 1975-இல் கேரள அரசுக்கும் என்.எம். தாமஸுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் வலுப்பெற்றது. அதற்கு முன்பே, 1951-இல், கல்லூரி இடங்களைச் சாதி, மதப் பிரிவுகளுக்குப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் நீதிமன்றம் செல்லாததாக்கியதையடுத்து, அரசமைப்புக்கே முதல் திருத்தம் செய்து, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) என்னும் கூறு சேர்க்கப்பட்டது. தமிழர்கள் ஈக்விட்டிக்காக வாதாடித் தில்லியை அசைத்தபோது அச்சொல் அவர்கள் வாயில் இல்லை. அவர்கள் வைத்திருந்த பெயர்கள் வகுப்புரிமை, பின்னர் சமூகநீதி.

ஆகவே என் தேர்வு இது: ஈக்வாலிட்டி சமத்துவமாகவே இருக்கட்டும், ஈக்விட்டியைச் ‘சமநீதி’ என்போம். ‘சமன்செய்யும் நீதி’ என்று விரித்துப் படித்தால் குறளின் துலாக்கோல் அதற்குள் தெரியும்.

டைவர்சிட்டியில் இவ்வளவு சிக்கல் இல்லை. வெவ்வேறு பக்கம் திரும்பியது என்பது அதன் இலத்தீன் வேர்ப்பொருள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1978-ஆம் ஆண்டு, ஆலன் பாக்கி என்பவரின் வழக்கில், பலவகை மாணவர்கள் கூடியிருப்பது அனைவரின் கல்விக்கும் நல்லது என்ற வாதத்தை நீதிபதி பவல் ஏற்ற பிறகே அது பல்கலைக்கழகச் சேர்க்கையின் மையச் சொல்லாயிற்று. 2023-இல் அதே நீதிமன்றம் இனத்தைக் கணக்கில் எடுக்கும் சேர்க்கை முறையை நிறுத்தியது. நம் நாட்டு இட ஒதுக்கீடு இந்த வாதத்தின்மேல் நிற்கவில்லை. வகுப்பறை வண்ணமயமாக இருக்க வேண்டும் என்பதற்காக அது வரவில்லை. தமிழில் ‘பன்முகத்தன்மை’ வேரூன்றிவிட்டது. பல முகங்கள் ஒரே உடலுக்கு இருப்பதைச் சொல்வதுபோல் அது எனக்குத் தோன்றினாலும், வழக்கூன்றிய சொல்லோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. ‘பன்மை’ என்று சுருக்கினால் இன்னும் நன்று. ‘வேற்றுமை’யை மட்டும் தவிர்க்கலாம், தென்னாட்டார் நால்வரையும் ‘மதராஸி’ என்று ஒரே சொல்லில் அடக்கும் தலைநகரில் வேற்றுமை காட்டுவது வேறு, பன்மை காண்பது வேறு.

இன்க்ளூஷனில்தான் மொழிபெயர்ப்பாளர் உண்மையில் வழுக்கி விழுகிறார். இதன் வேரான இலத்தீன் வினைக்குக் கதவைச் சாத்துதல் என்பது பொருள். உள்ளே வைத்துச் சாத்தினால் இன்க்ளூட், வெளியே நிறுத்திச் சாத்தினால் எக்ஸ்க்ளூட். தமிழில் அரசு ஆவணங்கள் ‘உள்ளடக்கிய கல்வி’ என்று எழுதும்போது, எப்படியோ அந்தப் பூட்டும் கூடவே வந்துவிட்டது. அடக்குதல் என்பதற்குத் தமிழில் ஒடுக்குதல் என்றும் பொருள், புதைத்தல் என்றும் பொருள். ‘உள்ளடக்கம்’ என்றாலோ நூலின் முதற்பக்கத்துப் பொருளடக்கம் நினைவுக்கு வருகிறது. ‘அரவணைப்பு’ என்பதில் அணைப்பவர் பெரியவர், அணைக்கப்படுபவர் சிறியவர் என்ற ஏற்றத்தாழ்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

‘சேர்த்தல்’ நல்ல வேர். ஆனால் ‘சேர்க்கை’ என்ற சொல்லை நாம் அட்மிஷனுக்குக் கொடுத்துவிட்டோம், அங்கேதான் விவகாரமே இருக்கிறது. 1920களில் வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் எல்லாச் சாதி மாணவர்களுக்கும் இடம் இருந்தது. பிராமண மாணவர்களுக்கு உணவுப் பந்தி மட்டும் தனியாக இருந்தது. காங்கிரசு பணத்தில் நடந்த பள்ளியில் இது கூடாதென்று வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய எதிர்ப்பு, தமிழ்நாட்டு அரசியலின் திசையையே மாற்றியது. அண்ணா நினைவு நாளில் தமிழ்நாட்டுக் கோயில்களில் நடக்கும் பொதுவிருந்துக்குச் ‘சமபந்தி’ என்று பெயர் விளங்குவது, பந்தி எவ்வளவு நாள் சமமாக இல்லை என்பதற்கும் சான்று. தில்லி எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய்ந்து சுகதேவ் தோரட் குழு 2007-இல் அளித்த அறிக்கையும், சேர்க்கைக்குப் பிறகு விடுதியிலும் உணவிலும் விளையாட்டிலும் நிகழும் ஒதுக்கலையே பெரிதும் பேசியது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உயர்கல்வியில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடத்தை ஒதுக்குகிறது. இடம் பெற்றுச் சேர்ந்தவர் சாய்தளம் இல்லாத மாடிப்படியின் கீழே நின்றுகொண்டிருந்தால், சேர்க்கை நடந்திருக்கிறது, இன்க்ளூஷன் நடக்கவில்லை.

அந்த மாணவரின் தந்தை தொலைபேசியில் கேட்டாராம், “உன்கூட உக்காந்து சாப்புடுறாங்களாப்பா?” என்று. மூன்று ஆங்கிலச் சொற்களில் மூன்றாவதை அவர் தமிழில் அப்போதே சொல்லி முடித்துவிட்டார்.

இதற்கு என் பரிந்துரை ‘சேர்த்துக்கொள்ளல்’. நீளம்தான். ஆனால் ‘கொள்’ என்னும் துணைவினை வேலை செய்கிறது: சேர்த்தல் என்றால் ஒருவரைக் கொண்டுபோய் ஓரிடத்தில் விடுவது, சேர்த்துக்கொள்ளல் என்றால் சேர்ப்பவர் அவரைத் தம்மோடு ஆக்கிக்கொள்வது. எழுதிக்கொண்டான், வாங்கிக்கொண்டான் என்பவற்றில்போல் வினையின் பயன் செய்தவரையே வந்தடைகிறது. சேர்த்துக்கொண்ட பந்தி முன்பிருந்த பந்தியாக இராது.

மாணவர் தம் தாளில் அடித்துவிட்டு இப்படி எழுதினார்: “சமநீதி, பன்மை, எல்லோரையும் சேர்த்துக்கொள்ளல் ஆகிய மூன்றையும் இப்பல்கலைக்கழகம் வளர்த்தெடுக்கும்.” ‘வளர்த்தெடுக்கும்’ என்பது பிள்ளை வளர்ப்பதுபோல் இருக்கிறதே என்று இருவரும் சற்று நேரம் யோசித்து, ‘செயற்படுத்தும்’ என்று மாற்றினோம். மூலத்தில் அவ்வளவு உறுதி இல்லை என்று அவர் தயங்கினார். மூலத்துக்கு உண்மையாக இருப்பதுதான் மொழிபெயர்ப்பின் முறை என்பதால், மனமில்லாமல் மறுபடியும் ‘வளர்த்தெடுக்கும்’ என்றே விட்டோம்.